வண்டி நிற்கும் இடம்

அந்தப் பெட்டிக்குப் பேச வரும். "முந்நூறு மீட்டரில் இடது புறம் திரும்பவும்" என்று இங்கிலீஷில், ரயில் நிலைய அறிவிப்புப் போல ஒரு பெண் குரல். ஆனால் நான் அதை ஒரே ஒரு முறைதான் கேட்டிருக்கிறேன். எங்கள் டிரைவர் அக்கா அதன் வாயை அடைத்து வைத்திருந்தார். "வண்டிக்குள்ள ரோட்டப் பத்திப் பேசறதுக்கு ஒரு வாயி போதுமுங்க அம்மிணி. அது என்ற வாயா இருக்கட்டும்" என்பார்.

உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. முன் கண்ணாடியில் ரப்பர் கப்பால் ஒட்டியிருக்கும். சிகரெட் லைட்டர் துளையிலிருந்து ஒரு ஒயர் அதற்குப் போகும். காருக்கென்றே செய்த ஜிபிஎஸ். எல்லோர் போனிலும் மேப் வந்துவிட்ட பிறகு இந்தப் பெட்டியைத் தேடிப் போகிறவர் யாருமில்லை. அக்கா அதைக் குன்னூர் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டுவதை விட்டுப் போன ஒருவரிடமிருந்து வாங்கி வந்திருந்தார். உள்ளே இருந்த மேப் பழசு. புதிதாகப் போட்ட சாலையில் போனால், எங்கள் வேன் தேயிலைக் காட்டுக்குள் நீந்திப் போவதாகக் காட்டும். காலையில் சாவியைத் திருப்பினால் அதற்குச் சிக்னல் கிடைக்க ஐந்து நிமிடம் ஆகும். கற்பூர மரங்களுக்கு அடியில் நிறுத்தியிருந்தால் பத்து நிமிடம். எனக்குப் பொறுமை போய் என் போனை எடுப்பேன்.

"உள்ள வெச்சுருங்க அம்மிணி. அது இப்பத்தான் கண்ணு முழிக்குது."

நான் நர்ஸ். குன்னூரில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை. இனிமேல் குணமாகாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்போம். வலிக்கு மருந்து, புண்ணுக்குக் கட்டு, கொஞ்சம் பேச்சு. எங்களுக்கு ஒரு வெள்ளை வேன் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஒரு விளக்குப் படம். வரைந்தவர் நல்ல எண்ணத்தில்தான் வரைந்திருப்பார். ஆனால் எஸ்டேட்டுகளில் அதற்கு 'விளக்கு வண்டி' என்று பெயர் விழுந்துவிட்டது.

எஸ்டேட் லயன் என்றால் ஒரே சுவரில் ஒட்டிய எட்டுப் பத்து வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் நான்காவது வீட்டுக்குக் கேட்கும். அங்கே விளக்கு வண்டி யார் வாசலில் நிற்கிறதோ, அந்த வீட்டுக்குச் சாயங்காலமே ரொட்டியும் பழமுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். நோயாளி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். வந்தவர்கள் அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவரைச் சாகடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். இதைக் கெட்ட மனசு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தாங்கியவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் அக்கா ஒரு நாளும் வாசலில் வண்டியை நிறுத்தியதில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் இடம் பார்த்து வைத்திருப்பார். லயனுக்கு மேலே ஒரு வளைவு, சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் ஒரு மண் ஒதுக்கு, பழைய பம்ப் ஷெட்டின் மறைவு. அங்கிருந்து நான் பையைத் தூக்கிக்கொண்டு, கொழுந்து பறிக்கிறவர்கள் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி, வீட்டின் பின்பக்கமாகப் போவேன். அந்தப் பெட்டியில் அக்கா பதிந்து வைத்திருந்தது நோயாளிகளின் வீடுகளை அல்ல, இந்த இடங்களை. அதுவும் நோயாளியின் பெயரில் அல்ல. பேரி மரம், ரெண்டு நாய், உடைஞ்ச பைப்பு, வழுக்குப் பாறை என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒவ்வொன்றாகத் தட்டி வைத்திருப்பார். இப்படிப் பதிந்த இடங்களுக்கு அந்தப் பெட்டி வைத்திருந்த பெயர் 'பிடித்தவை'. சாகப்போகிறவர்கள் வீட்டுக்குப் போகும் வழிகள் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நான் கிண்டல் செய்தால், "புடிக்காமயா தெனமும் போறோம்?" என்று கேட்பார்.

இறங்கியதும் அவர் செய்யும் முதல் வேலை, பின் டயருக்கு முட்டுக் கல் வைப்பது. மலையில் வண்டி ஓட்டுகிற யாரும் சரிவில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப மாட்டார்கள். ஆனால் அக்கா கல்லை வண்டியில் சுமப்பதில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் டயருக்குப் பொருந்தும் ஒரு கல்லைத் தேடி எடுத்து, கிளம்பும்போது அதைச் சாலையில் விட்டுவிடாமல் அங்கேயே ஏதாவது புதருக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு வருவார். அடுத்த வாரம் கையை விட்டால் அது அங்கேயே இருக்கும்.

அவரிடம் போனே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பட்டன் போன் ஒன்று டேஷ்போர்டுக்குள் கிடக்கும். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சீண்டுவார்கள்.

"ஏக்கா, ஊரே போனப் பாத்து வண்டி ஓட்டுது. நீங்க மட்டும் ஏனுங்க இந்த டப்பாவக் கட்டிட்டு அழுவறீங்க?"

"போனு ரெண்டு வேல செய்யுது கண்ணு. நான் எங்க போகோணும்னு எனக்குச் சொல்லுது. நான் எங்க போறேன்னு ஊருக்கெல்லாம் சொல்லுது. எனக்கு மொத வேல மட்டும் போதும். இது வானத்தக் கேட்டுக்கும். திருப்பி யாருக்கும் ஒண்ணும் சொல்லாது."

ஒருமுறை மஞ்சூர் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே சொன்னார்: "நான் எங்கிருக்கறன்னு ஒருத்தனுக்கு எட்டு வருசம் சொல்லிட்டே இருந்தேன். கடைக்குப் போனாச் சொல்லோணும், எங்கம்மா ஊட்டுக்குப் போனாச் சொல்லோணும், பஸ்ஸு லேட்டானாக் கண்டக்டர்கிட்டப் போனக் குடுக்கோணும். போதுமுங்க." அந்த ஒருத்தன் யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஊட்டி காந்தலில் அக்கா தனியாகத்தான் இருந்தார். அதற்கு மேல் அவர் சொல்லவுமில்லை, நான் தோண்டவுமில்லை.

பெட்டியை அவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எமரால்டு பக்கம் ஒரு புது நோயாளியைத் தேடிப் போனபோது, "நேராகப் போ" என்று அது காட்டிய பாதையில் போய், அணைத் தண்ணீருக்குப் பத்தடி முன்னால் பிரேக் போட்டோம். பெட்டியில் சாலை தண்ணீருக்குள் நேராகப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"போனா இருந்தா இந்நேரம் ஆபீஸுக்குத் தெரிஞ்சிருக்கும் அம்மிணி, வண்டி தண்ணி ஓரத்துல நிக்குதுன்னு. இதுன்னாப் பாருங்க, தப்புப் பண்ணாலும் நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்கும்." நான், அவர், பெட்டி.

இன்னொரு நாள், எஸ்டேட் டிராக்டர் போகும் மண் பாதையில் சமவெளியிலிருந்து வந்த கார் ஒன்று சிக்கிக் கிடந்தது. ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் தேயிலை, திரும்ப இடமில்லை. உள்ளே குழந்தைகள் அழுகை. ஓட்டி வந்தவர் போனை நீட்டி, "மேப்ல ரோடு இருக்குங்க மேடம், பாருங்க" என்று அக்காவிடமே நியாயம் கேட்டார்.

"இருக்குதுங்க. டிராக்டருக்கு இருக்குது" என்றார் அக்கா. அவரை இறக்கிவிட்டு, தானே உட்கார்ந்து, பின்னாலேயே பார்த்துக்கொண்டு, அத்தனை வளைவையும் ரிவர்ஸில் கடந்து காரைத் தார்ச் சாலையில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த மனிதருக்கு நன்றி தாங்கவில்லை. பைக்காராவுக்கு வழி கேட்டுக்கொண்டார். பிறகு எங்கள் வேனைப் பார்த்து, "விளக்குப் படம் போட்டிருக்கே, இது என்ன வண்டிங்க?" என்றார்.

"கேரட்டு ஏத்தற வண்டிங்க" என்றார் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

இவ்வளவு பிடிவாதமும் எதற்கு என்று எனக்குத் தெரிந்தது ஞானம்மாவால்தான். அது தெரிய நான் கொடுக்க வேண்டிய விலையை ஞானம்மாதான் கட்டினார்.

ஞானம்மா கொழுந்து பறித்தவர். கர்ப்பப்பையில் வந்த புற்று வயிறு முழுக்கப் பரவியிருந்தது. கணவர் இல்லை. ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். லயனில் எல்லோருக்கும் தெரிந்தது, ஞானம்மாவுக்கு அல்சர் என்பதுதான். மகளுக்குத் தெரிந்ததும் அதுதான்.

"நெசம் தெரிஞ்சா அவ கல்யாணமே வேண்டாம்னு வந்து உக்காந்துக்குவா சிஸ்டர். தையில முடிஞ்சுரட்டும். அப்பறம் ஒரு நா அவளப் பக்கத்துல உக்கார வெச்சு நானே சொல்லிக்கறேன்" என்றார். நான் வாதாடிப் பார்த்தேன். மகளுக்குச் சொல்வதுதான் சரி என்று எனக்குப் பட்டது. அவர் அசையவில்லை. அவருடைய வீட்டுக்குத்தான் பேரி மரத்தடியில் வண்டி நின்றது. வாரம் தவறாமல் செவ்வாய்க்கிழமை, பின்பக்கப் பாதை, பின்பக்கக் கதவு. யாராவது பார்த்தால், ரேஷன் கார்டு விஷயமாக வந்த அம்மா என்று என்னைச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளைக்குப் புது மேனேஜர் வந்தார். கோயம்புத்தூர்க்காரர். சுறுசுறுப்பு, மரியாதை, யாரையும் ஒருமையில் பேசாதவர். வண்டிக்கு ஒரு போன் கொடுத்தார். அதில் ஒரு ஆப். இனிமேல் அது காட்டும் வழியில்தான் போக வேண்டும். வண்டி எங்கே போகிறது என்று ஆபீஸில் ஒரு திரையில் தெரியும். ஒவ்வொரு நோயாளியின் வீடும் அதில் ஒரு சிவப்புப் புள்ளி. வீட்டுக்கு இருபது மீட்டருக்குள் வண்டி போய் நின்றால்தான் புள்ளி பச்சையாகும். பச்சையானால்தான் நாங்கள் போய்ப் பார்த்ததாகக் கணக்கு.

அவர் சொன்ன காரணத்தில் பிழையில்லை. "மழைக்காலத்தில் மண்ணு சரியுது. வண்டியோட நீங்க எங்கயாவது மாட்டிக்கிட்டா, எங்க தேடறதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்றார்.

அக்கா போனை வாங்கிப் பார்த்தார். திருப்பி மேஜைமேல் வைத்தார். "மாட்டிக்கிட்டா நான் போன் பண்றேனுங்க சார்" என்றார்.

இரண்டு முறை எடுத்துச் சொல்லியும் கேட்காததால், ஒரு வாரம் வீட்டில் இருந்து யோசித்துவிட்டு வரச் சொன்னார் மேனேஜர். அக்கா பெட்டியைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். கண்ணாடியில் ரப்பர் கப்பின் வட்டத் தடம் மட்டும் இருந்தது.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை மாற்று டிரைவர் வந்தார். பக்கத்து வெலிங்டன்காரர், நல்ல மனுஷன், அந்த எஸ்டேட்டுக்குப் புதிது. போனை என் மடியில் வைத்துக்கொண்டு நான்தான் வழி சொன்னேன். மழை. பேரி மர வளைவு வந்தது. மரம் எனக்குத் தெரிந்தது. "இங்க நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டியது என் வேலை. ஆனால் பை அன்றைக்குக் கனம், பாதை முழுக்கச் சேறு, மடியில் புள்ளி சிவப்பாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் கீழ போலாமா சிஸ்டர்?" என்றார் அவர். "போங்க" என்றேன். எனக்கிருந்த காரணம் அவ்வளவுதான். இன்றுவரை வேறு காரணம் கிடைக்கவில்லை.

லயன் வாசலில் போய் நின்றோம். பகல் நிறுவை நேரம். பறித்த கொழுந்தை நிறுக்கும் ஷெட், லயனுக்கு எதிரிலேயே இருந்தது. முதுகில் மூட்டையும் தலையில் மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் கொங்காடியுமாக நாற்பது பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை தலையும் திரும்பியது. மடியில் போன் ஒரு மணி அடித்தது. புள்ளி பச்சையாகிவிட்டது.

ஞானம்மா கதவைத் திறந்து, என் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்தார். அப்புறம் நிறுவை ஷெட்டைப் பார்த்தார். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை.

"நானே சொல்லலாம்னு இருந்தேன் சிஸ்டர்" என்றார். "வண்டி சொல்லிருச்சு."

நான் மருந்துகளை எடுத்து வைத்து முடிப்பதற்குள் யாரோ திருப்பூருக்குப் போன் செய்துவிட்டார்கள். மறுநாள் மகள் ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். அம்மாவிடம் மூன்று நாள் பேசவில்லை. பிறகு வேலையை விட்டுவிட்டுக் கூடவே இருந்தாள். கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னவளும் அவள்தான். ஞானம்மா எவ்வளவோ கெஞ்சினார். மாசியில் போய்ச் சேர்ந்தார். கல்யாணம் அடுத்த ஆவணியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள், காத்திருந்தார்கள். ஆனால் ஞானம்மா பார்க்க ஆசைப்பட்டது தை மாதத்துக் கல்யாணத்தை.

அக்கா அந்த ஒரு வாரம் முடிந்து ஆபீஸுக்கு வந்தார். விஷயம் காந்தல்வரை போயிருந்தது. என்னை வராந்தாவில் பார்த்தார்.

"மழையா அம்மிணி?"

"ஆமாக்கா."

"ம்" என்றார். அதற்குப் பதில் என்னை ஓர் அறை விட்டிருக்கலாம்.

நானும் அவர் பின்னாலேயே உள்ளே போனேன். மேனேஜர் முகம் வாடித்தான் இருந்தார். "நடந்ததுக்கு ரொம்ப வருத்தப்படறேன்மா. ஆனா ஒண்ணு பாருங்க, மக இப்ப கூடவே இருக்காங்க. ஒரு வகைல அதுவும் நல்லதுதானே?"

"நல்லதா கெட்டதாங்கறது வேறங்க சார்" என்றார் அக்கா. "அதச் சொல்றதுக்கு ஒரு ஆளு இருந்துச்சு. அந்த ஆளுகிட்ட நம்ம வண்டி கேக்கல."

மேனேஜர், உண்மையிலேயே சரிசெய்கிற எண்ணத்தில், ஒரு யோசனை சொன்னார். "சரி. உங்க பெட்டியில இருக்கிற இடங்களை எல்லாம் போன்ல ஏத்திடுவோம். இனி வீட்டுக்குப் பதிலா அந்த இடத்துல வண்டி நின்னாலே பச்சை ஆகற மாதிரி மாத்தச் சொல்றேன்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. அக்கா ஒத்துக்கொள்வார் என்றுகூட நினைத்தேன்.

"போன்ல ஏத்துனா அத ஆரு ஆரு பாப்பாங்க சார்?"

"நான், டாக்டர், ஆபீஸ்ல நாலு பேர். அப்புறம் பண உதவி பண்றவங்களுக்கு மாசம் ஒரு படம் அனுப்பறோம். ஜில்லா மேப்ல புள்ளி புள்ளியா இருக்கும். பேர் எதுவும் இருக்காது."

"பேரு எதுக்குங்க? பத்து ஊடு இருக்கற லயன்ல ஒரு புள்ளி வெச்சாப் பத்தாதுங்களா?"

"அம்மா, அது நிறுவனத்தோட தகவல். நீங்க நம்ம வேலைக்காகச் சேர்த்தது."

அக்கா கைப்பையிலிருந்து பெட்டியை எடுத்தார். கூடவே தன்னிடமிருந்த இன்னொரு வண்டிச் சாவியையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "வண்டி உங்களுதுங்க. சாவி இந்தாங்க. பெட்டி என்னுது." பேட்டரியில் கொஞ்சம் உயிர் இருந்தது. திரை வெளுத்து எழுந்தது. ஏதோ இரண்டு மூன்று முறை அமுக்கினார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"அம்மிணி, என்ன கேக்குது, படிச்சுச் சொல்லுங்க."

அவருக்கே படிக்கத் தெரியும். அத்தனை இடத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்தவர் அவர். என்னை வேண்டுமென்றே படிக்க வைத்தார்.

"பிடித்தவை எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குதுக்கா."

"அழிக்கோணும்னா எத அமுத்தோணும்?"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "இடது பக்கம் இருக்கறத" என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

அக்கா அமுக்கினார். அவசரமே இல்லாமல், காலிங் பெல்லை அமுக்குவதுபோல. "காலியாயிருச்சுங்க சார். இப்ப வேணும்னா எடுத்துக்குங்க" என்று பெட்டியை அவர் முன்னால் வைத்தார். அவர் தொடவில்லை. அக்காவே அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, என் கன்னத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஸ்டாண்டை நோக்கி நடந்தார். அறக்கட்டளையில் அதுதான் அவருடைய கடைசி நாள்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது. மேனேஜர் மாற்றுகிறேன் என்ற ஆப்பில் மாற்ற இடங்கள் எதுவும் மிச்சமில்லை. ஆகவே மறுபடியும் வாசல், மறுபடியும் பச்சை. சில வீடுகளில் அது ஒன்றும் பிரச்சினையாகவில்லை. சில வீடுகளில் நான் போன மறுவாரம் மேஜைமேல் ரொட்டியும் பழமும் இருக்கும். நான் பார்க்காததுபோல இருந்துகொள்வேன்.

ஒரு வருஷம் இருக்கும். எமரால்டில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கேரட் கழுவும் இடத்தில் ஒரு பிக்கப் வண்டி நின்றது. அதன் முன் கண்ணாடியில் அந்தப் பெட்டி ஒட்டியிருந்தது. நான் எங்கள் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குதித்து இறங்கினேன். அக்கா கம்பளிச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். கன்னம் சிவந்து, முன்னைவிடத் திடமாக இருந்தார்.

"அன்னிக்கு அந்தக் காருக்காரர்கிட்ட கேரட்டு வண்டின்னு சொன்னேனில்ல? வாய் முகூர்த்தம் பலிச்சிருச்சு" என்று சிரித்தார்.

"பெட்டியில இப்ப எத்தனை இடம் பதிஞ்சிருக்கீங்கக்கா?"

"ஒண்ணுமில்ல. கேரட்டுக்கு எதுக்கு அம்மிணி ஒளிவு மறைவு?" எனக்கு ஒரு கேரட்டைக் கழுவிக் கொடுத்தார். அப்புறம் எங்கள் வேனைப் பார்த்தார். விளக்குப் படத்தைப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள், முன்னைவிடப் பெரிதாக. "இப்பெல்லாம் எங்க நிறுத்தறீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். "வாசல்லக்கா" என்றேன்.

அவர் தார்ப்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டப் போய்விட்டார். நான் கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் திட்டித் தொலைத்திருந்தால் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஞானம்மாவின் லயனிலேயே ஒரு புது நோயாளி. எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தொண்டையில் கட்டி. கிளம்புவதற்கு முன்னால் நானே அவருக்குப் போன் செய்தேன். இத்தனை வருஷத்தில் யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டேன்.

"ஏனுங்க ஐயா, வண்டி எங்க நிக்கட்டும்?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்திருக்காது. "மேலயே நிக்கட்டுமுங்க சிஸ்டர்" என்றார், கரகரத்த குரலில். "நீங்க நடந்து வர முடியுங்களா?"

"முடியுமுங்க."

பேரி மர வளைவில் நிறுத்தச் சொன்னேன். டிரைவர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இறங்கி, மரத்துக்குப் பக்கத்துப் புதருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். ஈரமும் எறும்புமாக, கல் அங்கேயே இருந்தது. இழுத்துப் பின் டயருக்கு முட்டுக் கொடுத்தேன். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பெட்டியில் அழிந்ததெல்லாம் மலை முழுக்க இப்படிப் புதர்களுக்கு அடியில் கிடக்கிறது. ஒரு வருஷமாகக் குனிந்து பார்க்காதவள் நான்தான்.

பையைத் தோளில் மாட்டும்போது போன் அடித்தது. மேனேஜர்.

"சிஸ்டர், வண்டி வீட்டிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி நிக்குது. ஏதாவது பிரச்சினையா?"

"இல்லீங்க சார்."

"புள்ளி சிவப்பாவே இருக்கு. இன்னும் கொஞ்சம் கீழ போனா பச்சை ஆயிடும்."

"ஆகாதுங்க சார். இன்னிக்கும் ஆகாது, அடுத்த வாரமும் ஆகாது. அந்த ஐயாகிட்டக் கேட்டுட்டேன். வண்டி இங்கதான் நிக்கும்."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் போனை வண்டி சீட்டின் மேல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பின்பக்கப் பாதையில் இறங்கினேன்.